உஷார்! புஷ் ஆன கமிட் மெசேஜில் கை வைக்காதீர்கள்

டிக்கெட் எண் 4512 என்று போட வேண்டிய இடத்தில் 4521 என்று விழுந்துவிட்டது. கமிட்டும் ஆகிவிட்டது, புஷ்ஷும் ஆகிவிட்டது. பக்கத்து சீட்டில் கேட்டால் உடனே வழி சொல்வார்கள்: "கிட் கமிட் --அமெண்ட் போடு, எடிட்டர் திறக்கும், எண்ணை மாற்றி சேவ் பண்ணு, அப்புறம் கிட் புஷ் --ஃபோர்ஸ். முடிந்தது கதை."

அந்த இரண்டாவது கட்டளைக்கு என்டர் தட்டாதீர்கள். நிறுத்துங்கள். இரண்டு இலக்கங்களை இடம் மாற்றப் போய், சக ஊழியர் ஒருவரின் ஒரு நாள் வேலையைச் சர்வரில் இருந்து துடைத்துவிடக்கூடிய கட்டளை அது. நீங்கள் துடைத்தது உங்களுக்கும் தெரியாது, அவருக்கும் உடனே தெரியாது. கம்ப்யூட்டர் ஒரு எச்சரிக்கை கூடக் கொடுக்காது, ஏனென்றால் எச்சரிக்கை வேண்டாம் என்று சொல்வதுதான் ஃபோர்ஸ்.

புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் மட்டும் மாட்டும் இடம் இல்லை இது. பல வருட அனுபவம் உள்ளவர்களும் "மெசேஜ்தானே, கோடில் கை வைக்கவில்லையே" என்ற தைரியத்தில் மாட்டுகிறார்கள். அந்த "மெசேஜ்தானே" என்ற நினைப்புதான் ஆபத்து.

மெசேஜ் மட்டும் மாறுவதில்லை

உங்கள் டெர்மினலில் 'கிட் கேட்-ஃபைல் -பி ஹெட்' என்று அடித்துப் பாருங்கள். கடைசி கமிட்டின் உள்ளே இருப்பது அப்படியே திரையில் வரும். முதல் வரி ட்ரீ: அந்த நேரத்தில் ஃபைல்கள் எல்லாம் இருந்த நிலை. அடுத்தது பேரண்ட்: இதற்கு முந்தைய கமிட்டின் ஹேஷ். பிறகு ஆத்தர், கமிட்டர், இருவரின் பெயர், மின்னஞ்சல், நேரம். ஒரு காலி வரி. அதற்குக் கீழே நீங்கள் எழுதிய மெசேஜ். சாதாரண கமிட் என்றால் இவ்வளவுதான்.

இந்த மொத்தத்தையும் சேர்த்து எஸ்ஹெச்ஏ-1 முறையில் கணக்கிட்டு வருவதுதான் 40 இலக்க ஹேஷ். மெசேஜும் அந்தக் கணக்குக்குள் அடக்கம். ஆகவே ஒரு காற்புள்ளி மாறினாலும் ஹேஷ் முழுசாக வேறாகிவிடும். அமெண்ட் என்பது பழைய கமிட்டைத் திருத்துவதே இல்லை. அதே ட்ரீ, அதே பேரண்ட், புதிய மெசேஜ் கொண்ட இன்னொரு கமிட்டை உருவாக்கி, பிராஞ்சை அதன் மேல் கொண்டுபோய் நிறுத்துகிறது. பழைய கமிட் எந்தப் பிராஞ்சிலும் சேராமல் தனியே கிடக்கிறது.

கடைசி கமிட் என்றால் ஒன்றோடு போயிற்று. பத்து கமிட்டுக்கு முன்னால் உள்ள மெசேஜை மாற்றினால்? அதன் ஹேஷ் மாறும். அதைப் பேரண்ட் என்று குறித்து வைத்திருக்கும் அடுத்த கமிட்டின் உள்ளடக்கம் மாறும், அதனால் அதன் ஹேஷும் மாறும். அப்படியே நுனி வரைக்கும். கோடில் ஒரு புள்ளி கூட மாறியிருக்காது, ஆனால் பதினொரு கமிட்டும் புதுசு. பழைய ஹேஷைச் சொல்லிக்கொண்டிருந்த எல்லாமே இப்போது அனாதை: டிக்கெட்டில் ஒட்டிய லிங்க், ரிவ்யூவில் எழுதிய குறிப்பு, இன்ன கமிட்டை ரிவர்ட் செய்கிறேன் என்று பின்னால் வந்த மெசேஜ், ரிலீஸுக்குப் போட்ட டேக். டேக் தானாக நகராது. பழைய கமிட்டையே காட்டிக்கொண்டு நிற்கும், உங்கள் மெயின் பிராஞ்சோ வேறு வரலாற்றில் இருக்கும். கமிட்டில் கையொப்பம் போட்டிருந்தால் அந்தக் கையொப்பமும் செல்லாது, புதிதாகப் போட வேண்டும்.

லினக்ஸ் கெர்னல் வேலை நடக்கும் முறையைப் பார்த்தால் இதன் கனம் புரியும். ஒரு பிழையைச் சரிசெய்யும் பேட்ச்சில், பிழையைக் கொண்டுவந்த கமிட் எது என்று 'ஃபிக்ஸஸ்' என்ற வரியில் அந்த ஹேஷின் முதல் 12 இலக்கங்களையாவது எழுதச் சொல்கிறார்கள். பழைய நிலையான பதிப்புகளுக்கு எந்தத் திருத்தம் போக வேண்டும் என்று பார்க்கும்போது அந்த வரிதான் கைகொடுக்கிறது. வெளியே போன வரலாற்றை மாற்றி எழுதக் கூடாது என்பதில் 2005இல் கிட்டை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் கறாராக இருப்பதற்குக் காரணம் உண்டு. அவருடைய மெயின் பிராஞ்சுக்குள் போய்விட்ட மெசேஜில் பிழை இருந்தால் அது பிழையோடே நிலைக்கும். யாரும் அதற்காக ஃபோர்ஸ் புஷ் செய்வதில்லை.

அடுத்தவர் வேலை போவது இப்படித்தான்

காலை 11 மணிக்கு நீங்கள் புல் செய்தீர்கள். மதியம் டீமில் ஒருவர் அதே பிராஞ்சில் தன் வேலையைப் புஷ் செய்தார். மாலையில் நீங்கள் உங்கள் பழைய மெசேஜைத் திருத்தி ஃபோர்ஸ் கொடுத்தீர்கள். உங்கள் மெஷினில் அவருடைய கமிட்கள் இல்லை. சர்வரில் உள்ள பிராஞ்ச் இப்போது உங்கள் மெஷினில் உள்ளது போலவே ஆகிவிட்டது. அவர் புஷ் செய்தது போச்சு. சாதாரண புஷ் ஆக இருந்திருந்தால் கிட் மறுத்திருக்கும். அந்தத் தடுப்பைத்தான் உங்கள் கையால் தூக்கிவிட்டீர்கள்.

இன்னொரு வகை, சத்தமே இல்லாதது. யாருடைய வேலையும் அழியவில்லை, ஆனால் பழைய கமிட்டின் மேல் ஒருவர் தன் மெஷினில் மூன்று கமிட் போட்டு வைத்திருக்கிறார். அவர் புல் செய்கிறார். 2021இன் பிற்பகுதியில் இருந்து வந்த பதிப்புகளில், பிரிந்துபோன வரலாற்றை எப்படிச் சேர்ப்பது என்று அமைத்து வைக்காவிட்டால் கிட் நின்றுவிடும். திரையில் வரும் மூன்று யோசனைகளில் முதலாவதை அவர் எடுத்து ஒட்டுகிறார். அது மெர்ஜ். கோடில் வித்தியாசம் இல்லாததால் கான்ஃப்ளிக்ட் வராமல் பெரும்பாலும் அமைதியாக முடிந்துவிடும். அவர் புஷ் செய்கிறார். இப்போது வரலாற்றில் ஒரே வேலைக்கு இரண்டு கமிட்: தப்பான எண்ணோடு ஒன்று, சரியான எண்ணோடு ஒன்று. நீங்கள் ஒழிக்க நினைத்த பிழை திரும்பி வந்து, கூடவே ஒரு இரட்டையையும் கூட்டி வந்துவிட்டது.

"அதெல்லாம் எங்கேயோ நடப்பது" என்று நினைப்பவர்களுக்கு 2013 நவம்பரை நினைவூட்ட வேண்டும். ஜென்கின்ஸ் திட்டத்தின் கிட்ஹப் ரெப்போக்களில் 186 ரெப்போக்கள், பங்களிப்பாளர் ஒருவரின் தவறான அமைப்பால் ஒரே வீச்சில் ஃபோர்ஸ் புஷ் ஆகிவிட்டன. பிராஞ்சுகள் பழைய நிலைக்குப் பின்னோக்கிப் போயின. கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, மெசேஜ் திருத்தமும் இல்லை. ஆனால் அழித்தது அதே கட்டளையின் பலம்தான். கிட்ஹப் ஊழியர்களின் உதவியோடு பழைய ஹேஷ்களைக் கண்டெடுத்து மீட்டார்கள். உலகம் முழுக்கப் பயன்படும் திட்டம் என்பதால் உதவி ஓடி வந்தது. உங்கள் அலுவலக சர்வரில் யார் வருவார்கள்? சர்வரில் உள்ள பேர் (bare) ரெப்போவில், பிராஞ்ச் முன்பு இருந்த ஹேஷ்களைப் பதிந்துவைக்கும் ரெஃப்லாக் வழக்கமாகவே அணைத்து வைக்கப்பட்டிருக்கும் என்பதை மறக்காதீர்கள்.

"நான் --ஃபோர்ஸ்-வித்-லீஸ்தான் போடுவேன், எனக்கு ஆபத்தில்லை" என்பவர்களுக்கும் ஒரு உஷார். சர்வரில் உள்ள நிலை, உங்கள் மெஷின் கடைசியாகப் பார்த்த நிலையோடு ஒத்துப்போனால் மட்டும் தள்ளும் வழி அது. நல்ல வழிதான். ஆனால் உங்கள் எடிட்டரில் ஆட்டோ ஃபெட்ச் ஆனில் இருந்தால், உங்களுக்குத் தெரியாமலே பின்னணியில் ஃபெட்ச் நடந்து, மெஷின் எல்லாவற்றையும் பார்த்துவிட்டதாக ஆகிவிடும். நீங்கள் பார்க்காத வேலையும் பார்த்த கணக்கில் சேர்ந்துவிடும். அப்போது லீஸும் காப்பாற்றாது. 2.30 பதிப்பில் வந்த '--ஃபோர்ஸ்-இஃப்-இன்க்ளூட்ஸ்' இந்த ஓட்டையை அடைக்கத்தான். இரண்டையும் சேர்த்தே போடுங்கள்.

புஷ் செய்யாத கமிட்டிலும் பொறி இருக்கிறது

இன்னும் வெளியே போகாத கமிட்டை எவ்வளவு வேண்டுமானாலும் திருத்தலாம், தப்பில்லை. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அல்ல.

முதல் பொறி, ஸ்டேஜ். மெசேஜை மட்டும்தான் மாற்றுகிறோம் என்று அமெண்ட் போடுவீர்கள். முன்பே 'கிட் ஆட்' செய்து வைத்த அரைகுறை ஃபைல்கள் இருந்தால் அவையும் சத்தமில்லாமல் உள்ளே போய்விடும். பாஸ்வேர்டு உள்ள கான்ஃபிக் ஃபைல் அப்படிப் போய்ச் சேர்வதும் உண்டு. மெசேஜ் மட்டும் மாற வேண்டும் என்றால் 'கிட் கமிட் --அமெண்ட் --ஒன்லி' என்று போடுங்கள்.

இரண்டாவது, '-எம்'. அமெண்டோடு -எம் சேர்த்துப் புதிய வரியைக் கொடுத்தால், பழைய மெசேஜ் முழுவதும் போய் அந்த ஒரு வரிதான் நிற்கும். பழைய மெசேஜின் அடியில் இருந்த சைன்ட்-ஆஃப்-பை, கோ-ஆத்தர்ட்-பை வரிகள் காலி. கூட வேலை செய்தவரின் பெயரே அழிந்துவிடும். கெர்ரிட் வைத்து ரிவ்யூ செய்யும் இடமானால் இன்னும் சிக்கல். அங்கே சேஞ்ச்-ஐடி என்ற வரிதான் ரிவ்யூவை அடையாளம் காட்டுகிறது. அது போனால் ஹூக் புதிதாக ஒன்றைப் போடும். பழைய ரிவ்யூ ஒரு பக்கம் தொங்க, புதிதாக ஒன்று திறக்கும்.

மூன்றாவது, '#' குறி. முதலில் -எம் கொடுத்து "#4512 லாகின் பிழை சரி" என்று கமிட் செய்திருப்பீர்கள், அது அப்படியே பதிந்திருக்கும். பிறகு எடிட்டரில் திறந்து அமெண்ட் செய்தால், # என்று தொடங்கும் வரியை கிட் தன் குறிப்பு என்று எண்ணி நீக்கிவிடும். மெசேஜில் வேறு வரிகளும் இருந்தால், டிக்கெட் எண்ணைத் திருத்தப் போய் டிக்கெட் எண்ணே இருக்காது. எண்ணை வரியின் முதலில் வைக்கும் பழக்கத்தை விடுங்கள்.

நான்காவது, இன்டராக்டிவ் ரீபேஸ். பழைய மெசேஜை மாற்ற 'கிட் ரீபேஸ் -ஐ' கொடுத்தால் ஒரு பட்டியல் திறக்கும். அங்கே தெரியும் மெசேஜை அங்கேயே மாற்றினால் எதுவும் மாறாது. முன்னால் உள்ள 'பிக்' என்பதை 'ரீவேர்ட்' என்று மாற்ற வேண்டும், பிறகுதான் எடிட்டர் தனியாகத் திறக்கும். ஆனால் தவறுதலாக அந்தப் பட்டியலில் ஒரு வரியை அழித்துவிட்டால், அந்தக் கமிட்டும் அதில் இருந்த கோடும் பிராஞ்சில் இருந்து போய்விடும். வழக்கமான அமைப்பில் கிட் கேள்வியே கேட்காது. 'ரீபேஸ்.மிஸ்ஸிங்கமிட்ஸ்செக்' என்ற அமைப்பை 'எரர்' என்று வைத்துவிட்டால் நிறுத்திச் சொல்லும். இடையில் மெர்ஜ் கமிட் இருந்தால் '--ரீபேஸ்-மெர்ஜஸ்' இல்லாமல் அவையும் நேர்கோடாகத் தட்டையாகிவிடும்.

மெசேஜில் ரகசியம் விழுந்துவிட்டதா?

இதுதான் இருப்பதிலேயே பெரிய அபாயம். ஏபிஐ டோக்கன், டேட்டாபேஸ் பாஸ்வேர்டு, வாடிக்கையாளரின் போன் எண், ஏதோ அவசரத்தில் மெசேஜில் ஒட்டிவிட்டது. அமெண்ட், ஃபோர்ஸ் புஷ், பார்த்தால் பிராஞ்சில் இல்லை. அப்பாடா என்று நிம்மதியாகிவிடாதீர்கள். அது போகவில்லை.

கிட்ஹப்பில் பழைய கமிட்டின் ஹேஷ் தெரிந்தால், எந்தப் பிராஞ்சிலும் இல்லாவிட்டாலும் அதைத் திறந்து பார்க்க முடியும். ஃபோர்க் எடுத்தவரிடம் இருக்கும், புல் ரிக்வெஸ்ட்டில் இருக்கும். புஷ் ஆன கணமே மின்னஞ்சலிலும் சாட்டிலும் மெசேஜ் போயிருக்கும், பில்ட் லாகில் பதிந்திருக்கும். பொது ரெப்போக்களில் நடக்கும் புஷ் நிகழ்வுகளை மணிக்கு மணி சேகரித்துவைக்கும் காப்பகங்கள் உண்டு. ஃபோர்ஸ் புஷ்ஷால் மறைக்கப்பட்ட கமிட்களை அவற்றின் வழியாகத் தேடி, உயிரோடு இருக்கும் டோக்கன்களைப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். ஆய்வாளர் கையில் கிடைப்பது திருடன் கையிலும் கிடைக்கும்.

ஆகவே வரிசையை மாற்றாதீர்கள். முதலில் அந்த டோக்கனை ரத்து செய்யுங்கள், பாஸ்வேர்டை மாற்றுங்கள். அந்த நிமிடமே. பிறகு பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். அதற்குப் பிறகுதான் வரலாற்றைச் சுத்தம் செய்யும் பேச்சு. சுத்தம் செய்வதென்றாலும் பழைய 'ஃபில்டர்-பிராஞ்ச்' வேண்டாம், கிட்டின் சொந்தக் கையேடே அதைத் தவிர்க்கச் சொல்லி 'ஃபில்டர்-ரெப்போ'வைக் கைகாட்டுகிறது. டீம் முழுவதும் வேலையை நிறுத்தி, எல்லோரும் புதிதாக குளோன் எடுக்கும் ஏற்பாட்டோடுதான் அதைச் செய்ய வேண்டும். தளம் நடத்துபவர்களிடம் கேட்டு அவர்கள் பக்கத்துப் பழைய பிரதிகளையும் நீக்கச் சொல்ல வேண்டும்.

அப்படியானால் பிழையை என்னதான் செய்வது?

பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிட்ட பத்திரத்தில் பெயர் தப்பாக இருந்தால் யாரும் அதன் மேல் அடித்து எழுதுவதில்லை, பிழைத்திருத்தல் பத்திரம் ஒன்றைத் தனியாகப் பதிகிறோம். பகிர்ந்துவிட்ட கமிட்டுக்கும் அதே நியாயம்தான்.

கிட்டிலேயே அதற்கு வழி இருக்கிறது. 'கிட் நோட்ஸ் ஆட்' என்று கொடுத்து, எந்தக் கமிட்டுக்கும் ஒரு குறிப்பைச் சேர்க்கலாம். ஹேஷ் மாறாது. 'கிட் லாக்' பார்க்கும்போது மெசேஜுக்குக் கீழே அந்தக் குறிப்பும் தெரியும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: நோட்ஸ் சாதாரண புஷ்ஷில் போகாது, 'ரெஃப்ஸ்/நோட்ஸ்/கமிட்ஸ்' என்று தனியாகச் சொல்லித் தள்ள வேண்டும். கிட்ஹப்பின் கமிட் பக்கத்திலும் அது தெரியாது. அது தோதுப்படாவிட்டால் '--அலவ்-எம்ப்டி' போட்டுக் கோடு எதுவும் இல்லாத ஒரு கமிட்டில், இன்ன கமிட்டின் சரியான எண் 4512 என்று எழுதிவிடுங்கள். டிக்கெட்டிலும் ஒரு வரி. போதும்.

நீங்கள் மட்டுமே வேலை செய்யும் பிராஞ்ச், வேறு யாரும் அதன் மேல் எதையும் கட்டவில்லை என்று கேட்டு உறுதி செய்துகொண்டால் திருத்தலாம். ஸ்குவாஷ் மெர்ஜ் பழக்கம் உள்ள டீம் என்றால் அதற்கும் அவசியமில்லை. மெர்ஜ் செய்யும் நேரத்தில் கடைசி மெசேஜைச் சரியாக எழுதிக்கொள்ளலாம்.

வேறு சிஸ்டத்தில் இருப்பவர்களும் கவனம். சப்வெர்ஷனில் மெசேஜை மாற்றினால் ரிவிஷன் எண் மாறாது, நிம்மதிதான். ஆனால் பழைய மெசேஜ் எங்கும் சேமிக்கப்படாமல் ஒரேயடியாகப் போய்விடும். அதனால்தான் அட்மின் ஒரு ஹூக்கை அமைத்தால் ஒழிய அங்கே மாற்றவே விடுவதில்லை. மெர்க்குரியல், பகிர்ந்துவிட்ட சேஞ்ச்செட்டைப் பொது நிலை என்று குறித்துக்கொண்டு அமெண்டை மறுத்துவிடும். ஃபாசில், பழையதைத் தொடாமல் திருத்தத்தைத் தனிப் பதிவாகச் சேர்க்கும். இந்த நான்கில் கிட் மட்டும்தான் அந்தப் பொறுப்பை உங்கள் கையில் விட்டிருக்கிறது.

ஏற்கெனவே கை வைத்துவிட்டீர்களா?

டெர்மினலை மூடாதீர்கள். ஃபோர்ஸ் புஷ் முடிந்ததும் வந்த வரியைப் பாருங்கள்: ஒரு கூட்டல் குறி, பழைய ஹேஷ், மூன்று புள்ளி, புதிய ஹேஷ், கடைசியில் 'ஃபோர்ஸ்ட் அப்டேட்'. அந்தப் பழைய ஹேஷ்தான் உங்கள் உயிர்நாடி. உடனே எடுத்து எழுதிவையுங்கள்.

மறைக்காதீர்கள், டீம் சாட்டில் சொல்லுங்கள். "யாரும் புல் செய்ய வேண்டாம், புஷ் செய்ய வேண்டாம்" என்பது முதல் செய்தியாகப் போக வேண்டும். அழிந்த வேலை உங்கள் மெஷினில் இல்லாவிட்டாலும் புஷ் செய்தவரின் மெஷினில் இருக்கும். அங்கே அந்த ஹேஷில் ஒரு புதிய பிராஞ்ச் போட்டு அவரைத் தள்ளச் சொல்லுங்கள். உங்கள் மெஷினில் இருந்தது தொலைந்திருந்தால் 'கிட் ரெஃப்லாக்' பாருங்கள். பிராஞ்சில் இல்லாமல் போன கமிட்களுக்கான பதிவு வழக்கமாக 30 நாள் இருக்கும். மீட்கும் வரை, எதிலும் சேராத கமிட்களைத் துப்புரவு செய்யும் 'கிட் ஜிசி' பக்கம் போகாதீர்கள்.

புதிய வரலாற்றோடுதான் தொடர்வது என்று முடிவானால், மற்றவர்கள் வெறும் புல் செய்யக் கூடாது. 'கிட் புல் --ரீபேஸ்' செய்யச் சொல்லுங்கள். கோடு மாற்றம் ஒன்றாகவே இருப்பதால் பழைய கமிட்டை ரீபேஸ் அடையாளம் கண்டு விட்டுவிடும், இரட்டை வராது.

நாளைக்கு என்று தள்ளாதீர்கள்

உங்கள் ரெப்போவின் செட்டிங்ஸை இன்றே திறந்து, மெயின் பிராஞ்சும் ரிலீஸ் பிராஞ்சுகளும் புரொடெக்டட் ஆக இருக்கின்றனவா என்று பாருங்கள். சொந்த சர்வர் என்றால் 'ரிசீவ்.டினைநான்ஃபாஸ்ட்ஃபார்வேர்ட்ஸ்' என்ற அமைப்பை ஆன் செய்து, பேர் ரெப்போவில் ரெஃப்லாகையும் ஆன் செய்யச் சொல்லி அட்மினிடம் கேளுங்கள். சின்ன டீம், ஒருவருக்கொருவர் தெரியும், எதற்கு இதெல்லாம் என்று விட்டுவிடாதீர்கள். சின்ன டீமில்தான் பேக்கப் இருக்காது, அழிந்ததைக் கவனிக்கவும் ஆள் இருக்காது.

புஷ் கொடுப்பதற்கு முன் 'கிட் லாக்' அடித்து, போகப் போகும் மெசேஜ்களை ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். பிழை அங்கே கண்ணில் பட்டால் அமெண்ட் உங்கள் நண்பன். புஷ்ஷுக்குப் பிறகு பட்டால் நோட்ஸ் போடுங்கள், டிக்கெட்டில் எழுதுங்கள், அப்படியே விடுங்கள். ஒரு எழுத்துப் பிழை வரலாற்றில் நிற்பதால் எந்த நிறுவனமும் மூழ்கியதில்லை. புஷ் ஆனதை ஃபோர்ஸ் கொடுத்துத் திருத்த மட்டும் போகாதீர்கள்.